இரண்டு அங்குலம் உயர்ந்த தம்பி

எங்கள் தெருவில் நாலாவது வீட்டுத் தம்பி தன் தார் ஜீப்பைத் தன் கையாலேயே இரண்டு அங்குலம் தூக்கிவிட்டான். பெரம்பலூர்ப் பட்டறைக்கும் போகவில்லை, திருச்சிக்கும் போகவில்லை. பூலாம்பாடியில், வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. முதல் நட்டைக் கழற்றியதிலிருந்து கடைசி நட்டை முடுக்கியது வரை கூட உட்கார்ந்து பார்த்த பெரியவன் நான் ஒருவன்தான். அதனால் அவனைப் புகழும் கடமையும் எனக்கே வந்து சேர்கிறது. சொல்லப்போகும் புகழில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

முதலில் அவன் துணிச்சல். ஆறு வருடம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்தவன் அவன். அங்கே ஆளுயரம் ஏற வேண்டுமானாலும் இடுப்பில் பெல்ட் கட்டி, கொக்கி மாட்டி, மேலாளிடம் கையெழுத்து வாங்கித்தான் ஏறுவார்களாம். இரும்பு மூக்கு வைத்த காலணி இல்லாமல் ஒரு நாளும் கேட்டைத் தாண்டியதில்லை என்று அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான். இங்கே அவனுக்கு அந்தத் துணையெல்லாம் தேவைப்படவில்லை. ரப்பர் செருப்பும் கைலியுமாக, ஒன்றரை டன்னுக்கு மேலுள்ள வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். மழை பெய்து இரண்டு நாள் ஆன மண். ஜாக்கியின் அடி மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு பலகையைச் செருகினான். பலகை சாய்ந்தபோது அவன் அப்பத்தாவின் ஆட்டுக்கல்லை உருட்டி வந்து சேஸிக்குக் கீழே நிறுத்தினான். அறுபது வருடம் அந்த வீட்டுக்கு மாவரைத்த கல் அது. அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்கு மேல் நின்ற வண்டியையும் தாங்கியது. கருங்கல் நேராக வரும் பாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். விளிம்பில் இரும்பு குத்தினால் சில்லாகத் தெறிக்கும். அது தெறிக்காமல் நின்றதற்கு நான் கல்லுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். வண்டியைத் தூக்க வாங்கிய லிஃப்ட் கிட்டுக்கு, அதாவது புது ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும், கொடுத்த பணத்தில் ஒரு சின்னப் பங்கு இருந்தால் மூன்று கால் வைத்த இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்கியிருக்கலாம்.

அடுத்தது அவன் கைவேலை. முன்சக்கரத்து ஷாக் அப்சார்பரைச் சுற்றி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன் அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கென்று கருவி உண்டு. தம்பி அதை வாங்கவில்லை. மரை போட்ட கம்பி இரண்டு எடுத்து, கொக்கி வளைத்து, தானே பற்றவைத்துக் கருவி செய்தான். பற்றவைப்பில் குறை சொல்ல முடியாது. தையல் போட்டது போல வரிவரியாக இருந்தது. அமுக்கிய ஸ்பிரிங் சில நூறு கிலோ விசையைத் தனக்குள் அடக்கிக்கொண்டு நிற்கும். கொக்கி ஒன்று நழுவினால் அந்த விசை முழுவதும் எதிரில் இருப்பவரின் முகத்தில் வந்து விழும். அப்போது எதிரில் இருந்தவை தெருப் பிள்ளைகளின் ஐந்து முகங்கள். நான் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வேலிக்கு அப்பால் நிறுத்தினேன். கொக்கி நழுவவில்லை.

இன்னொரு நுணுக்கத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். இதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. சஸ்பென்ஷன் கைகள் சேஸியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். அந்த போல்ட்டைக் கடைசியாக முடுக்கும்போது வண்டியின் பாரம் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முடுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். பிறகு நின்றாலும் ஓடினாலும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். தம்பி எல்லா போல்ட்டையும் தொங்கும்போதே முடுக்கினான், அதுவும் என்ன பலத்தோடு! நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டி, இரண்டு காலையும் டயரில் உதைத்துக்கொண்டு முடுக்கினான். “டார்க் ரெஞ்ச் வச்சு அளவு பாத்து முடுக்கணும்ல தம்பி?” என்றேன். “நம்ம கைக்குத் தெரியும் பெரியப்பா” என்றான்.

வண்டி நின்றது. அழகாகத்தான் நின்றது. தெருவே வந்து பார்த்தது.

இப்போது உயரத்தைப் புகழ வேண்டும். 2020 அக்டோபரில் சந்தைக்கு வந்த இந்தத் தார், கம்பெனியிலிருந்து வரும்போதே தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் இடைவெளியோடு வருகிறது. 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. பூலாம்பாடியிலிருந்து அரும்பாவூர், கிருஷ்ணாபுரம் வழியாகப் பெரம்பலூர் போகும் பாதையில் மிக உயரமான தடை எது என்று பார்த்தால் வேகத்தடைதான். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். நம்மூரில் சிலர் ஆர்வத்தில் இன்னும் நாலு விரல் கூடப் போட்டிருந்தாலும் தார் அதை முன்பே தாண்டிக்கொண்டுதான் இருந்தது. சின்ன வெங்காய மூட்டை ஏற்றிய டாட்டா ஏஸும் தாண்டுகிறது. பள்ளிக்கூட வேனும் தாண்டுகிறது. இப்போது தம்பியின் வண்டி அதே வேகத்தடையை 50 மில்லிமீட்டர் கூடுதல் மரியாதையோடு தாண்டுகிறது.

மலைக்கும் போனான். அதையும் சொல்ல வேண்டும். காட்சிக்கு மட்டும் வைத்திருக்கிறான் என்று யாரும் அவனைப் பேசக் கூடாது. மலையாளப்பட்டி பக்கம் பச்சைமலை அடிவாரத்து ஓடையில் இறக்கினான். நானும் கூட உட்கார்ந்திருந்தேன். ஓடையின் நடுவில் தேங்காய் அளவுக்கு மூன்று கல். முன்பக்கம் அருமையாக ஏறியது, பம்பர் எங்கும் இடிக்கவில்லை. பின்பக்கத்தில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டது.

இதில் அவன் பிசகு ஒன்றும் இல்லை, இயற்பியலே அப்படித்தான். ஸ்பிரிங்கை உயர்த்தினால் ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பது உயரும். சேஸி உயரும், கதவு உயரும், இருக்கை உயரும், ஓட்டுபவனின் தலை உயரும். பின் அச்சு ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. அந்த உருண்டைக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி கிட் போடுவதற்கு முன் எவ்வளவோ, போட்ட பின்னும் அவ்வளவே. அதை உயர்த்த நடைமுறையில் பெரிய டயர் ஒன்றுதான் வழி. பெரிய டயருக்கு இடம் செய்து கொடுப்பதே லிஃப்ட் கிட்டின் பாதி வேலை. தம்பி டயரை மாற்றவில்லை. ஆகவே நான்கு ஞாயிற்றுக்கிழமை உழைப்பில், சக்கரங்களை விட்டால் வண்டியில் உயராமல் நின்ற பெரிய பாகம் ஒன்றே ஒன்று, கல்லில் இடிக்கும் பாகம்.

கல்லிலிருந்து வண்டியை இறக்க நாங்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளில் பின்னால் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு இறங்கி வந்தார். நின்றார், ஒரு கை கொடுத்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பெரிய வண்டிங்க” என்றார். கெட்டிக்காரத்தனம் ஏதுமில்லாமல், உண்மையாக மதித்துச் சொன்ன சொல் அது. பிறகு அதே ஓடையில், அதே மூன்று கல்லுக்கு நடுவே வழி பார்த்துப் போய்விட்டார்.

ஔவை தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குப் போன கதை பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தகடூர் அதியமானுக்காகத் தூது போனவர், தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, பீலி அணிந்து, மாலை சூட்டிப் பளபளவென்று இருப்பதை மெச்சினார். தம் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அவர் சொன்ன இரண்டும் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னதுதான். போடியில் ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மேடேறும் ஜீப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டறை நினைவு வருகிறது. சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ஜீப்புகளும் அப்படித்தான். பாதை என்று சொல்ல முடியாத கல் குவியலின் மேல் நாள் முழுக்க ஏறி இறங்குகின்றன. பெயிண்ட் போயிருக்கும், கதவு கயிற்றில் நிற்கும். உடைந்த கமான்பட்டைக்கு மாற்றுப்பட்டை போட எந்நேரமும் ஏதாவதொரு வண்டி பட்டறையில் கிடக்கும். அங்கே ஒரு பட்டை கூடுதலாகப் போட்டு உயர்த்தினாலும் அது பாரத்துக்காகத்தான், பன்னிரண்டு உயிர் ஏறுகிறது என்பதற்காகத்தான்.

லிஃப்ட் கிட்டும் பாரத்துக்குப் பயன்படும் பொருள்தான். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் நாள் கணக்கில் பெட்ரோல் பங்கைப் பார்க்காமல் போகிறவர்கள் எண்ணெய், தண்ணீர், உதிரி டயர், கூடாரம் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். பின்பக்கம் தொங்கிவிடாமல் இருக்க விறைப்பான ஸ்பிரிங் கேட்பார்கள். அந்த விறைப்பு ஒரு குவிண்டால், இரண்டு குவிண்டால் எப்போதும் ஏறியிருக்கும் வண்டிக்கு. தம்பியின் வண்டியில் பின்னால் ஏறுவது ஒரு தண்ணீர் கேனும் சில நாள் அவன் தங்கை மகனும். அதனால் அந்த ஸ்பிரிங் வளைவதற்கே ஒரு காரணம் கிடைக்காமல், சாலையில் உள்ள ஒவ்வொரு குழியையும் அந்தக் குழந்தையின் வயிற்றுக்கு அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டாவது தடவையிலேயே குழந்தை வாந்தி எடுத்தது.

வண்டி விளக்கின் ஒளியைப் பற்றி நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு பேசத்தான் வேண்டும், ஏனென்றால் அது என் மேல் விழுந்தது.

கிட்டின் முன்பாகம் முதலில் வந்தது. பின்பாகம் கூரியரில் பதினோரு நாள் தாமதம். தம்பிக்குப் பொறுமை இல்லாமல் இல்லை, ஆசை கூடுதல். முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு அந்தப் பதினோரு நாளும் ஓட்டினான். தாரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2,450 மில்லிமீட்டர். முன்பக்கம் மட்டும் 50 மில்லிமீட்டர் தூக்கினால் மூக்கு ஒரு பாகைக்குச் சற்று மேல் நிமிர்கிறது. ஒரு பாகைதானே என்று தோன்றும். அந்த ஒரு பாகை 25 மீட்டர் தூரத்தில் விளக்கின் ஒளியை அரை மீட்டர் மேலே கொண்டுபோய்விடுகிறது. தரையைப் பார்க்க வேண்டிய டிம் விளக்கு எதிரில் வருபவரின் கண்ணைப் பார்க்கிறது. நான் அரும்பாவூரிலிருந்து என் டிவிஎஸ் எக்ஸெல்லில் திரும்பிக்கொண்டிருந்தேன், இரவு ஏழரை மணி. எதிரே இரண்டு சூரியன். சாலை போனது, ஓரம் போனது, என் கையே எனக்குத் தெரியவில்லை. பிரேக் பிடித்து மண்ணில் இறங்கி நின்றேன். என் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். அவர் அங்கே இருப்பது எனக்கு வண்டி நின்ற பிறகுதான் தெரிந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அந்த இரவிலும் தம்பி நல்லவனாகத்தான் நடந்துகொண்டான். என்னைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி, “பெரியப்பா, லைட்டு எப்படித் தெளிவா இருக்கு பாத்தீங்களா?” என்று கேட்டான். அவனுக்குத் தெளிவாக இருந்தது, அது உண்மை. இன்று பின்பக்கமும் உயர்ந்து மூக்கு சமமாகிவிட்டது. ஆனாலும் விளக்கு பழையபடி இல்லை, இரண்டு அங்குலம் மேலேதான் நிற்கிறது. விளக்கின் குறியை இறக்குவதற்கென்று திருகு இருக்கிறது. சமதரையில் நிறுத்தி, சுவரில் கோடு போட்டு, அரை மணி நேரத்தில் முடியும் வேலை. நான்கு ஞாயிறு உழைத்தவனுக்கு அந்த அரை மணி இன்னும் வாய்க்கவில்லை.

வைக்கோல் பாரம் ஏற்றியவர்களுக்கு அடுத்த விஷயத்தை விளக்கவே வேண்டாம். வண்டியின் அகலம் அதேதான், பாரத்தின் உயரம் ஏற ஏற வளைவில் மாட்டுக்காரர் இறங்கி நடப்பார். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை இதை ஒரு வகுத்தல் கணக்காக வைத்திருக்கிறது: இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலத்தை, எடைமையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். விடை குறையக் குறைய வண்டி உருளும் வாய்ப்பு கூடும். தாரின் சக்கர அகலம் 1,520 மில்லிமீட்டர். எடைமையம் 700 மில்லிமீட்டரில் இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொண்டால் விடை 1.09. அதை 50 மில்லிமீட்டர் தூக்கினால் 1.01. அச்சும் சக்கரமும் உயராததால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இறங்கும். ஆனாலும் இறங்கும். 2020இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இந்த வண்டி நான்கு நட்சத்திரம் வாங்கியது. வாங்கியது கம்பெனி உயரத்தில் இருந்த வண்டி. தம்பி அந்த நட்சத்திரங்களுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தான். இப்போது இருப்பது எந்தச் சோதனைச்சாலையும் பார்க்காத, உலகத்திலேயே அவனுக்கு மட்டும் சொந்தமான வண்டி.

சட்டத்துக்கும் அது புது வண்டிதான். 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்ன விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதி இல்லாமல் செய்த மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தம்பி இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் சொல்லவில்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், வண்டியை இவ்வளவு நேர்த்தியாகத் தூக்கியவன் தானே என்பதை அவனே கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.

வீல் அலைன்மென்டுக்குப் பெரம்பலூர் போனபோது நானும் போனேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பக்கம் பச்சை வந்தது, மறுபக்கம் சிவப்பிலேயே நின்றது. அங்கே வேலை பார்த்த பையன் இரண்டு தடவை முயன்றுவிட்டு, “இதுக்கு மேல திருக மரை இல்லண்ணே” என்றான். பின் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பி சாய்ந்துவிட்டதால் பின்டயர் ஒரு பக்கம் விரலளவு வெளியே தள்ளி நிற்பதையும் காட்டினான். முன் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையைச் சுற்றி லேசாக கிரீஸ் கசிந்திருந்தது. புதுக் கோணத்தில் சுற்றிச் சுற்றி உறை மடிப்பில் உரசியிருக்கிறது. வண்டி அதற்கெல்லாம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டது. நல்ல வண்டி அது. அதை உருவாக்கிய பொறியாளர்கள், இப்படி ஒரு நாள் வேப்பமரத்தடியில் நடக்கும் என்று நினைத்துக் கொஞ்சம் கூடுதல் பலம் வைத்திருக்கிறார்கள் போலும்.

அவன் அம்மா என்னை அண்ணன் என்று கூப்பிடுவார். இரண்டு முழங்காலும் போனவர். வேப்பந்தட்டை ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை போக வேண்டும். அந்தப் போக்குவரத்துக்காகத்தான் வண்டி வாங்கினேன் என்று சிங்கப்பூரிலிருந்து வந்த புதிதில் தம்பி எல்லோரிடமும் சொன்னான். சொன்னபோது மனசாரத்தான் சொன்னான். இப்போது அவர் ஏற ஒரு பிளாஸ்டிக் முக்காலி வேண்டும். வீட்டில் முக்காலி இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்க முக்காலி இல்லை. முதல் மாதம் தம்பி அம்மாவைக் குழந்தை மாதிரி இடுப்பைப் பிடித்துத் தூக்கி இறக்கினான். வெளிநோயாளிகள் வரிசை முழுக்கப் பார்த்தது. மறுமாதம் அவர் காலையிலேயே கிளம்பி முக்கில் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்டேன். “எனக்கு டவுன் பஸ்ஸே தாழ்வா இருக்குண்ணே” என்றார். மகனைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. பஸ் வந்ததும் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.

தம்பி செய்த வேலைகளில் ஆகச் சிறந்ததைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, உள்ளறையில் விதை வெங்காயம் தொங்கும் மூங்கிலுக்குக் கீழே ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. அவிழ்த்துக் காட்டினான். கம்பெனி ஸ்பிரிங் நான்கு, ஷாக் அப்சார்பர் நான்கு, அவற்றின் போல்ட்டும் நட்டும் வாஷரும் தனித்தனிக் காகிதப் பொட்டலத்தில். பொட்டலத்தின் மேல் இடது முன், வலது பின் என்று அவன் கையெழுத்து. வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு பேர் கேட்டும் விற்கவில்லையாம். “ஏன் தம்பி?” என்றேன். “இருக்கட்டும் பெரியப்பா” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

நான்கு ஸ்பிரிங்கிலும் எண்ணெய் பூசியிருந்தான். ஒரு சுருளில்கூடத் துரு இல்லை.